அம்மாவின் வலது கை

முதல் ஆண்டின் முதல் வாரத்தில் ஆளுக்கொரு நோட்டுப் புத்தகம் கொடுத்தார்கள். நீல அட்டை, கோடு போடாத தாள். உடலசைவு நாடகம் சொல்லிக்கொடுத்த விரிவுரையாளர் மேசைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டு விதியைச் சொன்னார். ஒவ்வொருவரும் ஒரே ஓர் ஆளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மூன்று ஆண்டுக்கும் அந்த ஆள்தான். அவர் நடப்பது, உட்காருவது, திரும்பிப் பார்ப்பது, சும்மா நிற்பது எல்லாவற்றையும் எழுத வேண்டும். கண்ணால் பார்த்ததை மட்டும். ஏன் என்று ஒரு வரி எழுதினாலும் மார்க் போய்விடும். "ஏன் என்று கேட்பது டாக்டர் வேலை," என்றார். வகுப்பு சிரித்தது. எல்லோரையும்விட உரக்கச் சிரித்தது நான்தான்.

மற்றவர்கள் ஆளைத் தேடி ஊரெல்லாம் அலைந்தார்கள். ஒருவன் மார்க்கெட்டில் கோழி வெட்டுகிறவரைப் பிடித்தான். கிளந்தானிலிருந்து வந்த என் அறைத்தோழி விடுதிக் காவலாளியை எழுதிக்கொடுத்தாள். நான் என் அம்மாவை எழுதிக்கொடுத்தேன். பாசம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். சோம்பல்தான். விடுமுறைக்குத் தோட்டத்துக்குப் போனால் பார்ப்பதற்கு அங்கே வேறு யாரும் இல்லை.

எங்கள் தோட்டம் அசாம் ஜாவா என்ற சின்ன ஊரிலிருந்து உள்ளே போகும் செம்மண் சாலையில் இருந்தது. எண்ணெய் எடுக்கும் செம்பனை, நடுவில் கொஞ்சம் கொக்கோ. நான் மூன்றாம் படிவம் படிக்கும்போது அப்பா இறந்துவிட்டார். அண்ணன் ராவாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து, கல்யாணம் கட்டி, அங்கேயே தங்கிவிட்டான். தோட்டம் கொடுத்த லயத்து வரிசை வீட்டில் அம்மா மட்டும். அம்மாவுக்கு மருந்து அடிக்கும் வேலை. முதுகில் மருந்து டின்னை மாட்டிக்கொண்டு, இடது கையால் பம்பை அடித்துக்கொண்டு, வலது கையில் குழாயைப் பிடித்தபடி மரத்தடிப் புல்லுக்கெல்லாம் மருந்து அடிப்பாள். அப்பா சாவதற்கு முன்பிருந்தே அந்த வேலைதான். சாயங்காலம் குளித்து முடித்த பிறகும் அவள் பக்கத்தில் போனால் மருந்து வாசம் வரும். சின்ன வயதில் அம்மா வாசம் என்றாலே எனக்கு அதுதான்.

நான் நாடகம் படிக்கப் போனது திட்டம் போட்டு நடந்ததல்ல. ஆறாம் படிவ முடிவு வந்ததும் விண்ணப்பத்தில் நாலைந்து கட்டம் நிரப்பச் சொன்னார்கள். கடைசிக் கட்டத்தில் எதையாவது எழுது என்றார்கள், எழுதினேன், அதுவே கிடைத்தது. லயத்தில் பல்கலைக்கழகம் போன முதல் பெண் நான். அம்மா எல்லோரிடமும், "எம்மவ டீச்சருக்குப் படிக்குது," என்று சொல்லி வைத்திருந்தாள்.

முதல் விடுமுறைக்கு வந்த மறுநாள் காலையில் குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். அம்மாவோடு மருந்து அடிக்கிற அக்கா ஒருவர், "என்ன டீச்சரம்மா, நம்ம தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கே வந்துருவீங்களா?" என்று கேட்டார். நல்ல மனசோடு கேட்டதுதான். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அன்றைக்கு மட்டுமில்லை, எப்போதுமே எனக்கு அது மூக்கு நுனியில்தான் உட்கார்ந்திருக்கும். "டீச்சரும் இல்ல, ஒன்னும் இல்ல. நான் டிராமா படிக்கிறேன். ஆடுறது, நடிக்கிறது, மேடை கட்டுறது. அம்மா சொல்றது பொய்," என்றேன்.

வாளியோடு அம்மா எனக்குப் பின்னால் நின்றிருந்தாள். வாளியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். பத்துப் பேர் முன்னால் அம்மாவைப் பொய்க்காரியாக்கிவிட்டு நான் என்னவோ உண்மையைக் காப்பாற்றியவள்போல நிமிர்ந்து நின்றேன். இன்றைக்கு நினைத்தாலும் அப்படி நின்ற என்னையே ஓர் அறை விடத் தோன்றுகிறது.

அதிலிருந்து அம்மா என்மேல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள் என்று நான் முடிவுகட்டினேன். பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் அந்த முடிவுதான் காரணம்.

பல்கலைக்கழகத்தில் வெறுங்காலோடு, உடம்பைக் கவ்விப் பிடிக்கும் கறுப்பு உடையில் தரையில் உருண்டோம். முதல் மாதம் கூச்சத்தில் செத்தேன். பிறகு பழகிவிட்டது. வெற்று முகமூடி என்று ஒன்று தந்தார்கள். காகிதக் கூழில் செய்தது. சிரிப்பு, அழுகை, கோபம் ஒன்றும் இல்லாத முகம். அதை மாட்டிக்கொண்டால் முகத்தால் ஏமாற்ற முடியாது, எதைச் சொல்வதானாலும் தோளும் முதுகும் காலும்தான் சொல்ல வேண்டும். அதில் நான் சுமார்தான். மேடை வடிவமைப்பில்தான் கெட்டிக்காரியானேன். அட்டையில் சின்ன மாதிரி வீடு செய்வேன், அளவு பிசகாது. ஒத்திகைக் கூடத்துத் தரையில் மேடையின் வரைபடத்தை வெள்ளை ஒட்டுநாடாப் பட்டையால் ஒட்டுவது என் பொறுப்பு. பட்டை ஓடும் இடம் சுவர். விட்ட இடம் வாசல். ஒட்டிய கோட்டை யாராவது மிதித்தால் எனக்கு வரும் ஆத்திரத்துக்கு அளவில்லை. "சுவரை இடித்துக்கொண்டு போறியே, பேயா நீ?" என்று கத்துவேன். கத்திக் கத்தி, நான் உள்ளே நுழைந்தாலே எல்லோரும் காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடந்தார்கள்.

அம்மாவைப் பற்றிய முதல் பக்கத்தைக் குழாயடிச் சண்டைக்கு முந்தின நாளே எழுதிவிட்டேன். "நீண்ட அடி. ஒரு அடிக்கும் மறு அடிக்கும் என் கைக்கு மூன்று சாண். குதிகால் முதலில் ஊன்றுகிறது. இரண்டு கையும் வீசுகிறது." ஈரக்காலோடு குளியலறையிலிருந்து வந்தவளின் தடத்தை சிமெண்டுத் தரையில் குனிந்து அளந்து எழுதினேன். அம்மா பார்த்துவிட்டு, "தரையில என்ன தேடுற?" என்று கேட்டாள்.

அந்த ஆண்டுத் தீபாவளிக்கு வந்தபோது எழுதியது: "நடக்கும்போது இடது கை மட்டும் வீசுகிறது. வலது கை வீசவில்லை. முழங்கை மடங்கி, இடுப்பருகே ஒட்டியபடி இருக்கிறது." ஏன் என்று எழுதக் கூடாது. ஆனால் எனக்குள் காரணம் தயாராக இருந்தது. நாள் முழுக்க மருந்துக் குழாயைப் பிடித்த கை. குழாயை இறக்கி வைத்த பிறகும் பிடித்தபடியே இருக்கிறது. கண்டுபிடித்துவிட்டேன் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

பல்கலைக்கழகம் திரும்பியதும் வகுப்பில் அதை நடந்து காட்டினேன். சுமாராக நடிக்கும் நான் அன்றைக்கு மட்டும் அம்மாவாகவே நடந்தேன். விரிவுரையாளர் மூன்று முறை திரும்ப நடக்கச் சொன்னார். கைதட்டினார்கள். "கருவி போன பிறகும் உடம்பு வேலையை விடவில்லை. பாருங்கள், இதுதான் பார்வை," என்றார் அவர். அந்தப் பருவத்தில் வகுப்பிலேயே எனக்குத்தான் அதிக மார்க்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு விடுமுறைக்கும் பசியோடு வீட்டுக்குப் போனேன். அம்மாவைப் பார்க்கும் பசி இல்லை, நோட்டை நிரப்பும் பசி. நோட்டும் நிரம்பியது. "அடி சிறுத்துவிட்டது. ஒன்றரைச் சாண்." "திரும்பும்போது தலையை மட்டும் திருப்புவதில்லை. மொத்த உடம்பும் சேர்ந்து திரும்புகிறது." "சட்டைப் பொத்தான் போட நேரம் எடுக்கிறது." "கண் அதிகம் இமைப்பதில்லை." "முகத்தில் ஒன்றும் இல்லை. நான் சொன்ன வேடிக்கைக்கும் இல்லை. அச்சு அசல் வெற்று முகமூடி."

அந்த முகம்தான் என்னை வாட்டியது. முன்பெல்லாம் அம்மா சிரித்தால் மேல் ஈறு தெரியும், கன்னத்தில் குழி விழும். இப்போது என் பேச்சைக் கேட்டுக்கொண்டே சுவரைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள். குரலும் தணிந்துவிட்டது. "என்னம்மா சொன்ன?" என்று இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்தது. மூன்றாம் தடவை நான் கேட்பதில்லை. பேசப் பிடிக்காமல் முனகுகிறாள், நாம் ஏன் கெஞ்ச வேண்டும்? எனக்கும் ரோஷம் உண்டு என்று இருந்துவிட்டேன்.

கடிதமும் அப்படித்தான். தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை படித்தவள் அம்மா. முதல் ஆண்டில் எழுதிய கடிதங்களில் ஒவ்வோர் எழுத்தும் கொட்டைப்பாக்கு அளவு இருக்கும். ஒரு பக்கத்தில் பத்து வரி. பிறகு எழுத்துச் சின்னதாகிக்கொண்டே வந்தது. வரியின் தொடக்கத்தில் படிக்க முடியும், முடிவுக்குப் போகும்போது எறும்பாகிவிடும். அறைத்தோழி பார்த்துவிட்டு, "உன் அம்மா காகிதத்தை மிச்சம் பிடிக்கிறாரா?" என்று கேட்டாள். "என்கிட்டப் பேச்சை மிச்சம் பிடிக்கிறார்," என்றேன்.

எல்லாவற்றையும்விட வலித்தது சமையலறை வாசல். நான் உள்ளே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பேன். அம்மா வருவாள். வாசல் வரை வந்து நின்றுவிடுவாள். இரண்டு காலும் சேர்த்து ஒட்டினாற்போல நிற்பாள். நான் கோப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து வெளியே போவேன். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே பாத்திரச் சத்தம் கேட்கும். நான் இருக்கும் இடத்துக்கு வரக்கூடப் பிடிக்கவில்லை என்று எண்ணினேன். வீட்டு முன்வராந்தாவான அஞ்சடியில் உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, நோட்டைப் பிரித்து எழுதினேன்: "நான் உள்ளே இருந்தால் வாசலில் நிற்கிறாள்."

நான் இல்லாதபோதும் அதே வாசலில் அப்படித்தான் நின்றாளா என்று நான் பார்க்கவே இல்லை.

ஒருமுறை, ஒரே ஒருமுறை, சுங்கை செம்பிலாங்கிலிருந்து மோட்டாரில் கருவாடு கொண்டுவரும் சீனக் கிழவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு மலாயில் சொன்னார்: "உன் அம்மா சில்லறை எடுக்க ரொம்ப நேரமாகுது. உடம்பு சரியில்லையா?" நான், "அவுங்களுக்கு என்மேல கோபம்," என்றேன். கிழவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு மோட்டாரை எடுத்தார். வாரத்துக்கு ஒருமுறை பத்து நிமிஷம் வந்துபோகிறவருக்குத் தோன்றியது எனக்குத் தோன்றவில்லை.

மூன்றாம் ஆண்டு இறுதிப் படைப்புக்கு நான் எடுத்தது மருந்து அடிக்கும் ஒரு பெண்ணின் ஒரு நாள். வசனம் கிடையாது. காலையில் மண்டோர் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டில் தொடங்கி, சாயங்காலம் வீடு திரும்புவதில் முடியும். கிளந்தான் தோழிதான் அந்தப் பெண். மேடையில் எங்கள் லயத்து வீட்டையே அளவெடுத்துக் கட்டினேன், பலகைச் சுவர், சமையலறை வாசல் எல்லாம். வெற்று முகமூடி போதாதென்று நானே ஒன்று செய்தேன். அம்மாவின் நெற்றி, அம்மாவின் கன்ன எலும்பு. நோட்டில் இருந்த மூன்று ஆண்டையும் தோழியின் உடம்பில் ஏற்றினேன். கை மடங்கியது, அடி சிறுத்தது, வாசலில் கால் நின்றது. விரிவுரையாளர் ஒத்திகையைப் பார்த்துவிட்டு என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

அம்மா வந்து பார்க்க வேண்டும் என்று எனக்கு ஒரே வெறி. பார்த்தால் மனம் மாறும். மகள் கூத்தடிக்கவில்லை, தான் பட்ட பாட்டைத்தான் மேடையில் வைத்திருக்கிறாள் என்று புரிந்தால் அந்த முகம் இளகிவிடும். அண்ணனுக்குக் கடிதம் எழுதி, போன் பண்ணி, சண்டை போட்டு, ஒரு வழியாக அழைத்துவர வைத்தேன்.

பிற்பகல் மூன்று மணிக்கு ஆட்டம். ஒரு பகல் முழுக்க பஸ் பிரயாணம் என்பதால் முந்தின நாளே வந்து அண்ணனின் சிநேகிதன் வீட்டில் தங்கியிருந்தார்கள். அம்மா தீபாவளிச் சேலை கட்டியிருந்தாள். அரங்கத்து வாசல் வரை அண்ணனோடு நன்றாகத்தான் வந்தாள். உள்ளே வழவழவென்று பளபளக்கும் தரை. கதவருகே வந்ததும் நின்றுவிட்டாள். பின்னால் கூட்டம் தேங்கியது. விரிவுரையாளர்கள் இரண்டு பேர் காத்துக்கொண்டிருந்தார்கள். நான் கையில் பட்டைச் சுருளை வளையல்போல மாட்டிக்கொண்டு ஓடிவந்தேன். அதே நிலை. இரண்டு காலும் ஒட்டி, முகத்தில் ஒன்றும் இல்லாமல்.

"ஏம்மா, இவ்ளோ தூரம் வந்துட்டு வாசல்ல நின்னு என் மானத்த வாங்குற? புடிக்கலன்னா வீட்டுலயே இருந்திருக்கலாம்ல?" என்றேன்.

"வாய மூடுலா," என்றான் அண்ணன். "பஸ்ல உக்காந்து உக்காந்து கால் மரத்துப் போயிருக்கும்." முழங்கையைப் பிடித்து முன்னால் இழுத்தான். அம்மா குடுகுடுவென்று மூன்று சின்ன அடி வைத்து, விழப் போனவள்போலச் சாய்ந்து, உள்ளே வந்தாள்.

ஆட்டம் நாற்பது நிமிஷம். நான் மேடை ஓரத்தில் நின்று மேடையைப் பார்க்கவில்லை, அம்மாவைத்தான் பார்த்தேன். தோழி வலது கையை மடக்கியபடி நடந்தபோது அம்மா தன் வலது கையைக் குனிந்து பார்த்தாள். தோழி சமையலறை வாசலில் நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். நான் அந்த இடத்தை வேண்டுமென்றே நீட்டியிருந்தேன். அம்மாவின் இடது கை அண்ணனின் சட்டையைப் பிடித்தது.

முடிந்ததும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அம்மா மட்டும் எழவில்லை. கூட்டம் கலைந்த பிறகு பக்கத்தில் போய்க் குனிந்து நின்றேன். புகழ்ச்சி வேண்டாம், ஒரு வார்த்தை போதும் என்று நின்றேன். அம்மாவின் குரல் அவ்வளவு மெல்லியதாக இருந்ததால் காதை வாயருகே கொண்டுபோக வேண்டியிருந்தது.

"எல்லாத்தையும் பாத்திருக்க," என்றாள். "இந்தக் கை. அந்த வாசல். யாருக்கும் தெரியலன்னுதான் நான் நெனச்சிக்கிட்டிருந்தேன். ஒனக்குத் தெரிஞ்சிருக்கு." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "ஏன் பாப்பா, என்னன்னு ஒரு வார்த்த கேக்கல?"

என்னால் நிமிர முடியவில்லை. "நீ கோவமா இருக்கன்னு நெனச்சேன்மா," என்றேன்.

"யாரு மேல?"

"என் மேல. அன்னிக்குக் கொழாயடியில..."

அம்மா யோசித்தாள். அவளுக்கு அது நினைவுக்கு வரவே நேரம் பிடித்தது. "அதுவா? அதுக்கு மறுநாளே பெரட்டுல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனே, எம்மவ டிராமா படிக்குதுன்னு. மண்டோர்கூடக் கேட்டாரு, எப்ப டிவியில வரும்னு."

அண்ணன் தலையை ஆட்டினான். அவனுக்கும் அது தெரிந்திருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை. மூன்று ஆண்டு இல்லாத ஒரு கோபத்தோடு நான் வீம்புக்கு மல்லுக்கட்டியிருக்கிறேன். அந்த நேரமெல்லாம் அம்மா தனியாகப் பயந்துகொண்டிருந்திருக்கிறாள். உடம்பு சொன்ன பேச்சைக் கேட்கவில்லை என்று தெரிந்தால் பெரட்டில் பேர் கொடுக்க மாட்டார்கள். வேலை இல்லையென்றால் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். விடுமுறைக்கு மகள் வந்து நிற்க இடமில்லாமல் போய்விடும். அதனால் யாரிடமும் சொல்லவில்லை. தோட்டத்து மருந்தகத்தில் இருக்கும் டிரசரிடம் ஒரே ஒருமுறை போனாள். அவர் வாதம் என்று தைலம் கொடுத்து அனுப்பிவிட்டார்.

"அப்பறம் எப்படிம்மா மரத்துக்கு மரம் நடந்த?" என்று அண்ணன் கேட்டான்.

"அங்க நல்லாத்தான் நடக்குறேன். மட்டை வெட்டிப் போட்டிருக்கும்ல, அதத் தாண்டணும்னா கால் தானா தூக்குது. வெறுந்தரையிலதான் ஒட்டிக்குது."

வெளியே போக ஒத்திகைக் கூடத்தின் வழியாக அழைத்துப்போனேன். தரையில் என் வெள்ளைப் பட்டைகள் இன்னும் இருந்தன. அழுதுகொண்டிருந்தபோதும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "கோட்ட மிதிக்காதம்மா," என்றேன். அம்மா ஒவ்வொரு கோட்டையும் பார்த்து, காலைத் தூக்கி, தாண்டித் தாண்டி நடந்தாள். நீண்ட அடி. எங்கும் நிற்கவில்லை. பார்த்தேன். பார்க்கத்தான் எனக்கு நன்றாகத் தெரியுமே. அதன் அர்த்தம் அன்றைக்குப் பிடிபடவில்லை.

அடுத்த வாரம் கிள்ளானில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனோம். டாக்டர் அம்மாவை நடக்கவிட்டார், விரலைத் தட்டச் சொன்னார், முழங்கையை மடக்கி நீட்டினார். நடுக்குவாதம் என்றார். அம்மாவுக்கு நடுக்கம் வராத வகை. நடுக்கம் இருந்திருந்தால் யாராவது முன்னாலேயே கண்டுகொண்டிருப்பார்கள் என்றார். இந்த நோயில் கை காலோடு முகமும் இறுகும், குரலும் எழுத்தும் சிறுக்கும் என்றார். மருந்து அடித்த வேலையாலா என்று அண்ணன் கேட்டான். தன்னால் சொல்ல முடியாது என்றார். பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்து, "நடக்கும்போது வலது கை வீசாமல் போனது எப்போதிலிருந்து என்று ஞாபகம் இருக்கிறதா?" என்று கேட்டார்.

பையிலிருந்து நோட்டை எடுத்தேன். ஏன் கொண்டுபோனேன் என்று தெரியவில்லை. பக்கம் பக்கமாகத் திருப்பி ஆங்கிலத்தில் சொன்னேன். கை, அடி, திரும்புவது, பொத்தான், இமை, முகம், குரல், வாசல். நான் சொல்லச் சொல்ல அவர் அட்டையில் எழுதிக்கொண்டே வந்தார். இடம் போதாமல் இன்னொரு அட்டை எடுத்தார். கடைசியில் மரியாதையோடு, "நீங்கள் நர்ஸா?" என்று கேட்டார்.

"இல்லை. நாடகம் படிக்கிறேன்," என்றேன்.

அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. நானும் மார்க் கிடைத்த கதையைச் சொல்லவில்லை. இறுதிப் படைப்புக்கு அந்த ஆண்டின் முதலிடம் எனக்குத்தான். சான்றிதழை இன்றுவரை சட்டம் போட்டு மாட்டவில்லை.

அம்மா வேலையை விட்டாள். தோட்டத்து ஆபீஸ் கிராணி நல்ல மனிதர், ஒரு மாதம் கூடுதலாக இருந்துகொள்ளச் சொன்னார். பிறகு வீட்டைக் காலி செய்து, சாமான்களை ஒரு சின்ன லோரியில் ஏற்றி, அம்மாவை ராவாங்கில் அண்ணன் வீட்டுக்குக் கொண்டுபோனோம். மேடையில் நான் கட்டிய வீட்டையும் அதே மாதம் பிரித்துப் பலகையை அடுத்த வகுப்பு மாணவர்களுக்குக் கொடுத்தார்கள்.

ராவாங் வீடு புதிய வீடு. முன்னாலிருந்து பின்வாசல் வரை பளபளவென்று ஒரே வழவழப்பான தரை. அண்ணி பெருமையாகத் துடைத்து வைத்திருப்பார். அண்ணனும் அண்ணியும் வேலைக்குப் போனால் அம்மா காலையில் எங்கே நின்றாளோ அங்கேயே வெகுநேரம் நிற்பாள். மாத்திரை சாப்பிட்டால் கொஞ்சம் தேவலை, அதன் வேகம் தீர்ந்ததும் பழையபடி. அறையிலிருந்து சமையலறைக்குப் போக வேண்டியவள் நடுக்கூடத்தில் நின்றபடி தண்ணீர்த் தாகத்தோடு காத்திருந்ததாக அண்ணி ஒருநாள் போனில் சொன்னார். அன்றைக்குத்தான், போனைக் கையில் பிடித்தபடி, எனக்கு அந்த ஒத்திகைக் கூடமும் வெட்டிப்போட்ட மட்டையும் ஒன்றாக ஞாபகம் வந்தன.

அடுத்த சனிக்கிழமை காலையில் ஒரு சுருள் வெள்ளைப் பட்டையோடு ராவாங்குக்குப் போனேன். அண்ணி முகம் சுளித்தார். "புதுத் தரைமா," என்றார். நான் கேட்டுக்கொள்ளவில்லை. முட்டி போட்டு உட்கார்ந்து, நோட்டின் முதல் பக்கத்தைப் பிரித்து வைத்துக்கொண்டேன். மூன்று சாணுக்கு ஒரு பட்டை. அம்மாவின் அறை வாசலிலிருந்து கூடம் வழியாகச் சமையலறை வரை குறுக்கே குறுக்கே ஒட்டிக்கொண்டு போனேன்.

அம்மா முதல் பட்டையைப் பார்த்தாள். காலைத் தூக்கினாள். இரண்டாவதற்கு எட்டவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முதல் பக்கத்து அம்மா போய் ரொம்ப நாளாகிவிட்டது. எல்லாவற்றையும் பிய்த்தெடுத்துவிட்டு ஒன்றரைச் சாண் அளவுக்கு மறுபடி ஒட்டினேன். முழங்கால் எரிந்தது. அம்மா அதுவரை அறை வாசலிலேயே நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப வாம்மா," என்றேன். "கோட்ட மிதிக்காம வா."

அம்மா வந்தாள். ஒரு கோடு, இன்னொரு கோடு. நடுக்கூடத்தில் நிற்கவில்லை. சமையலறை வாசலிலும் நிற்கவில்லை. அங்கே தரையில் உட்கார்ந்திருந்த எனக்கு நேராக வந்து நின்றாள். வலது கை இடுப்பருகே மடங்கியபடியே இருந்தது. முகத்தில் ஒன்றும் இல்லை. சுவரைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள். எல்லாம் தெரிந்த பிறகும் அந்த முகம் எனக்குப் பழையபடி கோப முகமாகத்தான் பட்டது. நோட்டை மூடிக் கீழே வைத்தேன்.

"கோவமாம்மா?" என்று கேட்டேன்.

நான் எழுந்து காதை அவள் வாயருகே கொண்டுபோனேன்.

"இல்ல பாப்பா," என்றாள். "சிரிக்கிறேன்."